நிலைமம் மூன்று வகை

பரனூர் சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டேங்கர் லாரி குறுக்கே நுழைய, சாலமோன் பிரேக்கை மிதித்தான். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு தலைகளும் ஒன்றாக முன்னால் போய், ஒன்றாகப் பின்னால் வந்தன.

"இன்னாண்ணா இது?" என்றாள் முதல் சீட்டு துர்காதேவி.

"லாரிக்காரன் வந்துட்டாம்மா. நான் இன்னா பண்றது?"

"அத்தக் கேக்கல. இப்ப நாங்கல்லாம் முன்னாடி வந்து உழுந்தோமே, அதுக்குப் பேரு இன்னா?"

சாலமோன் யோசித்தான். இருபது வருஷமாக ஜனங்களை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்து வண்டி ஓட்டுகிறவன். அதற்கென்று ஒரு பெயர் இருப்பது போன மாசம்தான் அவனுக்குத் தெரியவந்தது.

"நிலைமம்."

"எத்தினி வகை?"

"மூணு. ஓய்வில் நிலைமம். இயக்கத்தில் நிலைமம்." அத்தோடு வண்டி நின்றுவிட்டது. அதாவது, உள்ளே ஓடிய வண்டி. "மூணாவது ஒண்ணு கீதே..."

"மூணாவது ஆஸ்பத்திரியில நிலைமம்," என்றான் நடு சீட்டிலிருந்து தர்மராஜ். "மச்சான், ரோட்டப் பாத்து ஓட்டு."

மறைமலைநகரில் காருக்கு உதிரி பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் துர்காதேவி தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். பி.எஸ்ஸி. படித்தவள். தர்மராஜ் பிரஸ் மிஷினில் நிற்கிறவன், படித்ததெல்லாம் வாய்தான். இவர்களைச் செங்கல்பட்டில் ஏற்றி கம்பெனி வாசலில் இறக்குவது சாலமோன் வேலை. அந்த முக்கால் மணி நேரத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது துர்காதேவி போட்ட திட்டம். சுங்கச்சாவடி வரைக்கும் இயற்பியல். சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் வேதியியல். அதற்கப்புறம் மரபியல்.

விஷயம் இதுதான். டிரைவர்கள் எல்லோரும் ஜூனுக்குள் பத்தாவது சான்றிதழ் காட்ட வேண்டும் என்று கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சாலமோனிடம் அது இல்லை. எப்போதும் இருந்ததில்லை. இருபத்தெட்டு வருஷம் முன்னால் பத்தாவது எழுதியபோது நாலு பாடம் தேறி, அறிவியலில் முப்பத்தொன்று வாங்கினான். ஞானத்துக்குப் பேர்போன ராஜாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த அப்பா ஆபிரகாம், அந்த மார்க் ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாலு மார்க்குதானேடா," என்றார். அந்த நாலு மார்க்கை எடுக்கத்தான் இத்தனை வருஷம்.

அதில்கூடத் தப்பில்லை. பெயிலானவன் நாட்டில் அவன் ஒருவன் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷம் முன்னால் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் சித்தப்பா "மாப்ள இன்னா படிச்சிருக்காரு?" என்று கேட்டபோது, சாலமோன் கையிலிருந்த கேசரியைப் பார்த்தபடி "டென்த் பாஸ்" என்று சொல்லிவிட்டான். பெண், ஜெசிந்தா, கதவோரம் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் நிஜமாகவே டென்த் பாஸ்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் ஊரப்பாக்கத்து வாடகை வீட்டுக்குள் இடுப்பு வரை தண்ணி வந்தபோது, சாலமோன் உள்ளுக்குள் ஒரு சின்ன ஸ்தோத்திரம் சொன்னான். இனிமேல் சான்றிதழ் எங்கே என்று யாராவது கேட்டால், வெள்ளத்தில் போய்விட்டது. அவ்வளவுதான்.

ஜெசிந்தாவின் சான்றிதழ் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதை வைத்து ரெண்டு வருஷம் கழித்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போட்டாள், கிடைத்தும்விட்டது. "நீயும் போடுபா, டென்த்துதானே கேக்கறாங்க, டூப்ளிகேட்டு வாங்கிக்கலாம்," என்று அவள் சொன்னபோது, "எனக்கு ஸ்டியரிங்தான் ராசி," என்று கழன்றுகொண்டான். ஊர் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்து, அவள் தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் பஸ் ஏறிப் போகிறாள். அவன் தினமும் மறைமலைநகருக்குப் போகிறான். மாலையில் இருவரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள்.

"புறப்பட்ட எடத்துக்கே வந்துட்டா இடப்பெயர்ச்சி சுழிண்ணா," என்று துர்காதேவி ஒருநாள் விளக்கினாள்.

"எவ்ளோ கிலோமீட்டர் ஓட்னாலுமா?"

"எவ்ளோ ஓட்னாலும்."

இருபது வருஷ டிரைவர் சாலமோன் அன்றைக்கு சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் கிலோமீட்டர் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

புத்தகம் மகளுடையது. ஜெனிட்டா இப்போது பிளஸ் ஒன். அவள் கட்டிப் பரணில் போட்ட பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, ட்ரிப் ஷீட் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டான். பச்சை மையில் பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு. சிலதுக்கு நேராக 'முக்கியம்', சிலதுக்கு நேராக 'இது வராது'. சாலமோன் 'இது வராது' என்று போட்டதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். பெற்ற மகளையே நம்பாமல் வேறு யாரை நம்புவது.

மரபியல்தான் அவனைப் படுத்தியது. நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் நெட்டை. நெட்டை ஓங்கு பண்பு, குட்டை ஒடுங்கு பண்பு.

"எங்க வூட்டுக் கதை," என்றான். "ஜெசிந்தா ஓங்கு, நான் ஒடுங்கு."

"அப்ப குட்டை எங்கண்ணா போச்சு?"

"போச்சு. காலி."

"காலி ஆவாதுண்ணா. உள்ளயே மறைஞ்சிகினு இருக்கும். அடுத்த தலைமுறைல நாலுல ஒண்ணு வெளிய வந்துரும்."

சாலமோன் கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. "கட்டாயம் வருமாம்மா?"

"பாடத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

இப்படி நாலு சனிக்கிழமை ஸ்பெஷல் ட்ரிப் என்று வீட்டில் சொல்லிவிட்டு, செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றில் தனித்தேர்வர்களுக்கான செய்முறைப் பயிற்சிக்கும் போய்வந்துவிட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆள் குறைவு என்பதால் ரெண்டு மையங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை செய்முறைத் தேர்வு இந்த இடத்தில் என்று ஒரு பள்ளியின் பெயர் போட்டிருந்தது. கடற்கரைப் பக்கத்துப் பள்ளி. எட்டு வருஷமாக ஜெசிந்தா சோதனைக் குழாய் கழுவுகிற பள்ளி.

அதைப் படித்தபோது வண்டி கம்பெனி வாசலில் நின்றிருந்தது. நல்லவேளை. ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது நிலைமம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மையத்தை மாற்ற முடியுமா என்று போன் போட்டான். முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தடவை நடந்தான்.

"சனிக்கிழம உனக்கு லீவுதானே?"

"இல்லபா. பிரைவேட்டா எழுதறவங்களுக்குப் பிராக்டிகல் கீது. நான்தான் எல்லாம் எடுத்து வெக்கணும்," என்றாள் ஜெசிந்தா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அச்சரப்பாக்கத்துல உங்க அண்ணன் வூட்டுக்குப் போலாம்னு பாத்தேன். ரொம்ப நாளாச்சு."

ஜெசிந்தா வெங்காயத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று அவன் வாயால் வந்தது இதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கெழம போலாம்."

"ஞாயித்துக்கெழம கோயிலு."

"சனிக்கெழம எனக்கு ட்யூட்டி." அவ்வளவுதான். கத்தி மறுபடி வெங்காயத்துக்கு இறங்கியது.

வியாழனும் வெள்ளியும் அவன் உட்காரவே இல்லை என்று சொல்லலாம், ஓட்டும்போது தவிர. பஸ்ஸே கூடி ஆலோசனை சொன்னது. மாஸ்க் போட்டுக்கோ என்றான் ஒருவன். மீசையை எடுத்துடு என்றான் இன்னொருவன். "எடுத்தா வூட்ல இன்னான்னு கேக்க மாட்டாங்களா? கூமுட்டை," என்றான் தர்மராஜ். பிறகு கொஞ்சம் யோசித்து, "பேசாம சொல்லிடு மச்சான்," என்றான். தர்மராஜ் வாயிலிருந்து அப்படி ஒரு நேரான பேச்சு வந்ததில் பஸ்ஸே திரும்பி அவனைப் பார்த்தது.

சொல்லலாம்தான். பாஸாகி, சான்றிதழை மேசைமேல் வைத்து, "டூப்ளிகேட்டு வந்துடுச்சு," என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்பதுதான் அவன் கணக்கு. அதில் இந்த வருஷத்துத் தேதி போட்டிருக்குமே என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம், பல் குத்திக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அறிவியலில் முப்பத்தொன்று சும்மா வரவில்லை.

சனிக்கிழமை ஜெசிந்தா ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள். அடுத்த பஸ்ஸில் சாலமோன் மாஸ்க்கோடு போனான்.

ஆய்வகத்தின் ஜன்னலைத் திறந்தால் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல் சத்தம். வெளியே வரிசையில் பதினோரு பேர். ஒரு பூக்கார அம்மா, ரெண்டு ஆட்டோக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னும் இப்படி. உள்ளே ஜெசிந்தா வெள்ளைக் கோட்டு போட்டு, கையில் பட்டியலோடு நின்றாள். வெள்ளைக் கோட்டில் அவளை அவன் பார்த்ததே இல்லை. வீட்டில் அது எப்போதும் கொடியில்தான் தொங்கும்.

"சாலமோன், தகப்பனார் பெயர் ஆபிரகாம்," என்று படித்தாள்.

சாலமோன் உள்ளே போனான். மாஸ்க் மூக்குக்குக் கீழே வழுக்கியது.

"மாஸ்க்கை எடுத்துடுங்க. ஹால் டிக்கெட்டுல இருக்கற மூஞ்சி தெரியணும்." நிமிர்ந்து பார்த்தாள். கண் ஒரு தடவை இமைத்தது. "மூணாவது டேபிளுக்குப் போங்க."

போங்க. பதினெட்டு வருஷத்தில் அவள் அவனுக்குப் போட்ட முதல் மரியாதை. கோபம் வந்தால் "யோவ்" என்பாள், இல்லாவிட்டால் "இன்னாபா". திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாவது மேசையில் சாக்பீஸால் அவன் எண் எழுதியிருந்தது. ஒரு மர அளவுகோல் நூலில் தொங்கியது. திருப்புத்திறன் தத்துவப்படி கல்லின் எடையைக் கண்டுபிடிக்க வேண்டும். இது அவனுக்குக் கைவந்தது. டயர் நட்டைக் கழற்றக் குட்டை ஸ்பேனரில் முக்கி முனகித் தோற்று, பிறகு பைப்பை மாட்டி நீளமாக்கி ஒரே அழுத்தில் கழற்றியவன். கல்லை ஒரு பக்கம், எடைக்கல்லை மறுபக்கம் தொங்கவிட்டு நகர்த்தினான். அளவுகோல் ஆடி, ஆடி, நேராக நின்றது. அவன் மட்டும் நிற்கவில்லை. இந்தக் காலும் அந்தக் காலுமாக மாறிக்கொண்டே இருந்தான்.

அடுத்தது வேதியியல். சோதனைக் குழாயில் தண்ணீர். அதில் கொடுத்த உப்பைக் கரைத்து, வெப்பம் வெளிவருகிறதா, உள்ளே இழுக்கப்படுகிறதா என்று தொட்டுச் சொல்ல வேண்டும். உமிழ்வினையா, கொள்வினையா. கரைத்தான். தொட்டான். ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை முழுக்க இருபது வருஷ ஸ்டியரிங் காய்ப்பு, அதன்மேல் வேர்வை. சூடா, குளிர்ச்சியா, எதுவுமே இல்லையா. மறுபடி தொட்டான். உடம்பே கொதிக்கும்போது குழாயின் கொதிப்பை யார் கண்டது. பக்கத்து மேசை ஆட்டோக்காரரும் குழாயைக் கையில் உருட்டி உருட்டி விழித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா தண்ணீர் ஜாடியோடு மேசைகளைச் சுற்றி வந்தாள். அவனைத் தாண்டிப் போய், நடுவில் நின்று, யாரையும் பார்க்காமல் எல்லோருக்குமாகச் சொன்னாள்.

"உள்ளங்கையில தொட்டா தெரியாது. புறங்கையால தொடுங்க."

ஜெனிட்டாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் என்றால் அப்படித்தான் தொடுவாள். அவன் உள்ளங்கையை வைத்து "ஒண்ணும் இல்ல" என்பான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டுப் புறங்கையை வைத்து, "நூத்தி ரெண்டு இருக்கும், வண்டிய எடு," என்பாள். ஒரு தடவையும் தப்பியதில்லை. சாலமோன் குழாயைப் புறங்கையில் வைத்தான். சில்லென்றிருந்தது. வெப்பக்கொள்வினை என்று எழுதினான்.

கடைசியாக வாய்மொழிக் கேள்வி. வெளிப் பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர், பார்த்திபன் என்று பெயர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். ரெண்டு அடி தள்ளி, குழாயடியில் ஜெசிந்தா பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காரத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு?"

சோடியம் ஹைட்ராக்சைடு. பச்சை மையில் 'முக்கியம்'. சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் துர்காதேவி பதினைந்து தடவை கேட்டது. சாலமோன் ஜெசிந்தாவின் முதுகைப் பார்த்தான். "மிளகாத்தூள், சார்."

ஆட்டோக்காரர்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். குழாயடியில் தண்ணீர் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

"அது சாம்பாருக்கு," என்றார் பார்த்திபன், சிரிக்காமல். "சரி, மரபியல்ல சொல்லுங்க. ஒடுங்கு பண்புன்னா என்ன?"

இது தெரியும். இது மட்டும் நன்றாகத் தெரியும்.

"இருக்கும் சார். வெளிய தெரியாது. ஓங்குனது பக்கத்துல இருக்கற வரைக்கும் மறைஞ்சிகினே கெடக்கும். போயிடுச்சுன்னுதான் எல்லாரும் நெனப்பாங்க. போவாது சார். ஒரு நாளு வெளிய வந்துரும்."

"எப்போ வரும்?"

"பதினெட்டு வருஷம் ஆவும் சார்."

"இரண்டாம் தலைமுறைன்னு சொல்லணும்," என்று திருத்தி, ஏதோ மார்க் போட்டார். பீக்கர் ஒன்று தொட்டியில் டங்கென்று இடித்தது. உடையவில்லை.

எல்லாம் கழுவி, துடைத்து, அலமாரியைப் பூட்டிவிட்டு அவள் வெளியே வர ரெண்டு மணி ஆனது. அதுவரைக்கும் பஸ் நிறுத்தத்தில் சாலமோன் மூன்று டீ குடித்தான், நடந்தான், கடை வாசலில் வைத்திருந்த கல் யானைகளை எண்ணினான், மறுபடி நடந்தான். அவள் வந்ததும் எழுந்து நிற்கலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான்.

பஸ் வந்தது. அவள் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எவனோ ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்து எத்தனை வருஷமாயிற்று. இல்லாத கிளட்சைக் கால் தேடியது.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"எப்ப தெரியும்?"

"லிஸ்ட்டு திங்கக்கெழமயே ஸ்கூலுக்கு வந்துச்சு. உன் நம்பர மேசைல எழுதனதே நான்தான்."

"அப்ப புதங்கெழம நான் அச்சரப்பாக்கம்னு சொன்னப்ப?"

"இன்னும் இன்னான்னா சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்." அவள் ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "லீவு போட்றலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். நான் இல்லன்னா நீ பதறாம எழுதுவ. ஆனா அந்த மரஸ்கேலு சிலதுல ஓட்ட நடுவுல இல்ல. நான் இல்லன்னா யாரும் பாக்க மாட்டாங்க. தொங்கவுட்டா சாஞ்சிகினுதான் நிக்கும். எல்லா டேபிளுக்கும் நல்லதா பாத்து வெச்சேன். உனக்குன்னு தனியா இல்ல." கொஞ்சம் பொறுத்து, "உனுத ரெண்டு தடவ பாத்தேன்," என்றாள்.

சாலமோன் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து, சீட்டில் கொஞ்சம் சாய்ந்தான்.

"நாலு மார்க்குல பெயிலானது ஒரு விஷயமா," என்றாள் அவள். "அன்னிக்கே சொல்லியிருந்தாலும் கட்டிகினுதான் இருப்பேன். அந்தக் கேசரிய நீ தின்ன தினுசுக்கே எங்க சித்தப்பனுக்கு உன்னப் புடிச்சிபோச்சு. அது இல்ல."

"பின்ன?"

"வெள்ளம் வடிஞ்சப்ப ஊரப்பாக்கத்துல மூணு நாளு சேத்துக்குள்ள கைய வுட்டுத் தேடினேன். உன் சர்ட்டிபிகேட்ட. பீரோவத் தூக்கி, கட்டில நகத்தி. பக்கத்து வூட்டு சந்திரம்மா கூட, போதும் வுடும்மா, கை புண்ணாயிடும்னு சொன்னாங்க." இப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். "நீ பக்கத்துல நின்னு டார்ச்சு அடிச்ச. இல்லாததுக்கு டார்ச்சு அடிச்சயேபா."

சாலமோன் பதினெட்டு வருஷமாக இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தான். யார் கேட்டால் என்ன சொல்வது, எப்படி மழுப்புவது, எங்கே சிரிப்பது எல்லாம். டார்ச்சுக்கு மட்டும் பதில் வைக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் கை எங்கே போகிறதோ அங்கே வெளிச்சத்தைச் சரியாக நகர்த்தினான். அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன்," என்றான்.

"எப்ப?"

"ரெண்டாவது நாளு. அப்பதான் உனுது கெடச்சுது. அத்த நெஞ்சுல வெச்சிகினு அழுத பாரு. எனக்கு வாயி வரல. எனுது மொதல்லயே இல்லன்னு அந்த நேரத்துல எப்பிடிச் சொல்றது."

"மூணாவது நாளு சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றான். "மூணாவது நாளு சொல்லியிருக்கலாம்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வரும். வந்தது, நாக்கு நுனி வரைக்கும். முழுங்கிவிட்டான்.

அவள் தன் புறங்கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் ஆறவில்லை, அது தெரிந்தது. இன்று ஆறாது, ஞாயிற்றுக்கிழமையும் ஆறாது. அச்சரப்பாக்கத்துக்கு நிஜமாகவே போக வேண்டியிருக்கும். ஆனால் பையைத் தன்னிடமிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள். தூக்கிவரச் சொல்கிற மாதிரி. அதுபோதும் என்று அவனுக்குத் தோன்றியது. போதாது என்றும் தோன்றியது.

"தியரி எப்ப?" என்றாள்.

"மார்ச்சுல."

"யார் சொல்லித் தராங்க?"

"கம்பெனி பஸ்ல ஒரு பொண்ணு. துர்கான்னு. தர்மராஜும் கூட."

"அதான் மிளகாத்தூளு." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். "நிலைமம் எத்தினி வகை?"

"மூணு."

"சொல்லு."

"ஓய்வில் நிலைமம். இயக்கத்தில் நிலைமம்." விரலை மடக்கினான், நீட்டினான். துர்காதேவி ஒரு மாசமாகச் சொல்லிக்கொடுத்தும் நிற்காத அந்த மூன்றாவது. "ஒண்ணு கீது. வாயில நிக்க மாட்டேங்குது."

"யோசி."

யோசித்தான். ஊர் நெருங்கிவிட்டது. டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தான். இது கம்பெனி பஸ்ஸாக இருந்திருந்தால் சாலமோன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பான். சாய்கிறதெல்லாம் பின்னால் இருக்கிறவர்கள் பாடு. இங்கே பிடித்துக்கொள்ள அவள் பை மட்டும்தான் இருந்தது. பையோடு சரிந்து, முழு எடையும் ஜெசிந்தாவின் தோளில் போய் விழுந்தான். பஸ் நேராகிவிட்டது. அவன் ஆகவில்லை.

அவள் தோளை நகர்த்தவில்லை.

"அதான் மூணாவது. திசையில் நிலைமம்," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "எழுந்து உக்காருபா. எடுத்துக்காட்டு ஒண்ணு போதும்."